ஞாயிற்றுக்கிழமை மணியடித்த செண்பகவல்லி

செண்பகவல்லி காலமான செய்தி என் கைப்பேசிக்கு ஒரு குத்துவிளக்குப் படமாக வந்தது. படத்தின் கீழே, ‘அமைதியாக இறைவனடி சேர்ந்தார்’ என்று ஒரு வரி. நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை மறுபடி படிப்பதற்குள், நம் தமிழ்ச் சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் கூப்பிய கைகள் வரிசையாக விழத் தொடங்கியிருந்தன. ‘தங்கமான மனுஷி’ என்றார் ஒருவர். ‘நம் வீடுகளைக் காத்த தெய்வம்’ என்றார் இன்னொருவர். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களில் சிலர், அவர் பெயர் திரையில் தெரிந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தவர்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். என் எதிரில் உட்கார்ந்தே கவிழ்த்திருக்கிறார்கள்.

கேம்ப் பகுதியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அவருடைய மகன் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். பேசியிருந்தால் கூட்டம் கெட்டிருக்கும். எழுதினால் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை, பக்கத்தைப் புரட்டிவிடலாம். அதனால் நம் சங்க மலரில் எழுதுகிறேன்.

அவரை அறியாத இளையவர்களுக்கு: செண்பகவல்லி திருநெல்வேலிக்காரர். டிப்ளமா படித்துவிட்டு, இந்த மராத்தி ஊருக்கு வந்து, பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் கருவிகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தப் பிரிவில் வேறு பெண் கிடையாது. கணவர் இறந்த பிறகு வேலையை விட்டு, வீடுகளுக்குத் திருட்டு எச்சரிக்கை மணி பொருத்தும் தொழிலைத் தனியாகத் தொடங்கினார். மற்றவர்கள் நீங்கள் அவருக்கு ‘அலாரம் அக்கா’ என்று பெயர் வைத்தீர்கள். அவருக்கு அது பிடிக்காது. “நான் என்ன கடியாரமா, தலையில தட்டி நிறுத்துததுக்கு?” என்பார்.

என் வீட்டுக்கு அவர் வந்தது என் கணவர் மறைந்த ஆண்டில். லோஹேகாவில், விமானப்படை வேலிக்குப் பக்கத்தில், மரங்கள் சூழ்ந்த தனி வீடு. ‘அங்கே தனியாக இருக்கக் கூடாது, என்னோடு வந்துவிடு’ என்று என் மகன் பிடிவாதம் பிடித்தான். நானும் பிடித்தேன். எச்சரிக்கை மணி பொருத்தினால் இருக்கலாம் என்பதில் சமாதானம் ஆயிற்று. ஆகவே அந்த மணி எனக்கு வெறும் கருவி அல்ல. என் வீட்டில் நான் இருப்பதற்கான அனுமதி.

முதல் நாளே சண்டை. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கூடத்தில், வாசற்கதவுக்கு அருகே மாட்டச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“டீச்சர், பெட்டிய வாசல்ல மாட்டுதது, வாற திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்க மாதிரி. அவன் மொதல்ல அதத்தான் உடைப்பான்.”

“பிறகு நான் ரகசிய எண்ணை அழுத்துவது எப்படி?”

“எண்ணு அழுத்துத பலகை மட்டும் வாசல்ல. பெட்டி உள்ள, ஒங்க பீரோவுக்குப் பின்னால. மூளைய யாராவது நெத்தியிலயா வைப்பாங்க?”

மின்சாரத்தை அருகிலிருந்த பிளக்கில் சொருகிக்கொள்ளலாமே என்றேன். அதுவும் ஆகாது. மெயின் பலகையிலிருந்து பெட்டிக்கென்று தனிக் கம்பி இழுத்தார், நடுவில் சுவிட்ச் இல்லாமல். “பிளக்குல போட்டா, வேலைக்கு வாற பாயி ஒரு நா அதப் பிடுங்கிட்டு மொபைல சார்ஜ் போடுவா. பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் பெட்டி செத்துப் போவும். ஒங்களுக்குத் தெரியவே தெரியாது.” என் வீட்டுப் பாயி சமையலறையிலிருந்து, “காய் ஜாலா, தாயி?” (என்ன ஆச்சு, அக்கா?) என்று எட்டிப் பார்த்தாள். தமிழ் புரியாவிட்டாலும் தன் பேர் அடிபடுவது அவளுக்குப் புரிந்துவிடும்.

ஒவ்வொரு கதவிலிருந்தும் வரும் கம்பியின் முனையில் ஒரு சிறு ரெசிஸ்டர் வைக்க வேண்டும், அரிசி மணி அளவுதான். அதன் வழியாகப் போய்த் திரும்பும் மின்சாரத்தைக் கொண்டுதான், கம்பி அறுபடவில்லை, யாரும் அதில் கை வைக்கவில்லை என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. வேலை சுலபம் என்பதற்காகப் பலர் அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்களாம். செண்பகவல்லி கொல்லைக் கதவின் நிலைக்கு மேலே ஏணி போட்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு, அங்கேதான் வைத்தார். “கம்பி முனையில வச்சாத்தான் கம்பி முழுக்கக் காவல். பெட்டிக்குள்ள வச்சா, பெட்டி தன் வயித்தத் தானே தடவிப் பாத்துட்டு, எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லும்.” நான் பள்ளி நிர்வாகக் குழுக்களில் பல ஆண்டுகள் இருந்தவள். அந்த வகைப் பெட்டிகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் அவர் கிளம்பவில்லை. ஒவ்வொரு கதவாக என்னைத் திறக்கச் சொல்லி, படுக்கை அருகே உள்ள ஆபத்துப் பொத்தானை அழுத்தச் சொல்லி, ஒவ்வொரு முறையும் மணி அடிப்பதைக் கேட்டார். பிறகு சொன்னார்: “வாரா வாரம் ஞாயித்துக்கெழம இத நீங்களே செய்யணும். சும்மா இருக்கையில அடிச்சுப் பாக்காத மணி, வேணுங்கிற அன்னைக்கும் சும்மாத்தான் இருக்கும்.”

அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டுக் கர்னல், ஓய்வு பெற்ற மராத்தியர், கையில் ஹாக்கி மட்டையோடு ஓடி வந்தார். “சோர் ஆயா க்யா, மேடம்?”

“ஆயா தோ ஆப் ஆயேங்கே க்யா, வஹீ தேக் ரஹே தே” என்றார் செண்பகவல்லி. திருடன் வந்தால் நீங்கள் வருவீர்களா என்றுதான் பார்த்தோம் என்று. கர்னல் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மணிக்கு அவர் தம் வாசலிலிருந்து கை அசைப்பார். மராத்தியருக்குப் புரிந்தது. நம்மவர்களுக்குப் புரியவில்லை.

இனி நம்மவர்கள். பிம்ப்ரியில் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம், படிக்கும்போது அவர்களுக்குத் தெரியும். திருட்டு மணியோடு புகை காட்டும் கருவியும் வேண்டுமென்று கேட்டார்கள். ‘பூஜை அறைப் பக்கம் வேண்டாம், அங்கே சூட்டைக் கண்டுபிடிக்கும் கருவி போதும்’ என்று செண்பகவல்லி சொன்னதைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார்கள். மணி அலறியது. அடுத்த வெள்ளிக்கும் அலறியது. அதன் பிறகு அலறவில்லை. செண்பகவல்லி சோதிக்கப் போனபோது, கருவியின் மேல் ஷவர் தொப்பி ஒன்று ரப்பர் பேண்டோடு இறுக மாட்டியிருந்தது. வெள்ளிதோறும் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள், எந்த வெள்ளியிலிருந்தோ கழற்றவில்லை.

“சாமிக்குப் புகை காட்ட, மூக்கப் பொத்தி வச்சிருக்கீகளே! தீப்பிடிச்சா சாமியா வந்து சொல்லும்?” என்று கூடத்திலேயே கேட்டார். விருந்தாளிகள் இருந்தார்கள். வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த பொங்கல் விழாவில் அந்த வீட்டு அம்மாள் இதை நடித்துக் காட்டினார், செண்பகவல்லியின் திருநெல்வேலிப் பேச்சோடு. எல்லாரும் சிரித்தீர்கள். ‘அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி, எப்பப் பாத்தாலும் மணி அடிக்கணும்’ என்று பேச்சுப் பரவியது. பிறகு யாரும் அவரைச் சோதிக்கக் கூப்பிடவில்லை. ‘ஒரு மாதிரி’ என்ற அந்தச் சொல் அவர் மகன் காதுக்கும் போயிற்று. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நீங்கள்தான்.

சென்ற ஆண்டு கேம்ப்பில் காய்கறி வாங்கும்போது செண்பகவல்லிக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து மகன் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் ஏற்கெனவே அறை பேசி முடித்திருந்தார். தாம் இத்தனை வருடம் ஆண்ட வீட்டில், தாமே கம்பி இழுத்த சுவர்களுக்குள் இருக்க வேண்டும் என்பதைத் தவிர செண்பகவல்லி எதுவும் கேட்கவில்லை.

“எங்கிட்ட மணி இருக்குல்லா, பொத்தான் இருக்குல்லா, கீழ வீட்டுல ஆள் இருக்குல்லாங்கேன். ‘ஒன்னோட செட்டு பழசும்மா’ங்கான். பழசுன்னா? போன ஞாயிறுகூட அடிச்சுச்சு, டீச்சர்.”

போவதற்கு முன் அவர் என்னிடம் சொன்னது இதுதான். என்ன பொறுப்பான பிள்ளை என்று சங்கத்தில் பேசிக்கொண்டீர்கள். அம்மாவுக்குப் பாதுகாப்பான இடம் பார்த்துவிட்டாராம்.

அந்தப் பாதுகாப்பான இடத்தில் கட்டிலுக்குப் பக்கத்திலும் குளியலறையிலும் ஒவ்வொரு அழைப்புப் பொத்தான் இருந்தது. போன முதல் ஞாயிற்றுக்கிழமை, செண்பகவல்லி இரண்டையும் அழுத்திப் பார்த்தார். யாரும் வரவில்லை. தாழ்வாரத்தில் நடந்து போய்ப் பார்த்தால், செவிலியர் மேசையில் விளக்கு மட்டும் மின்னுகிறது. சத்தம் தொந்தரவு என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். மேலாளரிடம் சொன்னார். அடுத்த ஞாயிறும் அழுத்தினார், அதற்கடுத்த ஞாயிறும். ‘காரணமில்லாமல் அழைக்கிறார்’ என்று மகனுக்குத் தகவல் போயிற்று.

ஒரு நாள் காலையில் செண்பகவல்லியிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. குரலில் கோபம் இல்லை.

“டீச்சர், பொத்தான அழுத்துனா வெளக்கும் எரியல. நகவெட்டிய வச்சுப் பிளேட்டக் கழட்டிப் பாத்தேன். ரெண்டு ஒயரையும் பிடுங்கி, டேப்பு சுத்தி, அழகா மடிச்சு வச்சிருக்கான். வேல தெரிஞ்சவந்தான்.”

“நீங்களே திரும்ப மாட்டிவிட வேண்டியதுதானே?”

“மாட்டாம இருப்பனா? மாட்டிட்டேன். நர்சு மேசப் பக்கத்துலயும் பிடுங்கிட்டானுவ.”

அன்றே அவர் மகனை அழைத்தேன். அவர் பணிவாகத்தான் பேசினார்.

“ஆன்ட்டி, அம்மா சும்மா சும்மா அழுத்திட்டே இருக்காங்க. அங்க மத்தவங்களும் இருக்காங்க இல்லையா? அவங்க என்னைக் கேட்டாங்க. நான்தான் சரின்னு சொன்னேன்.”

“சும்மா அழுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு முறை. வேலை செய்கிறதா என்று பார்க்க.”

“அதேதான் ஆன்ட்டி. ஒண்ணும் ஆகலைன்னா எதுக்கு அழுத்தணும்?”

பொறியியல் படித்தவர். அவரை வளர்த்ததும் படிக்க வைத்ததும் இப்படி அடித்துப் பார்த்த மணிகள்தான். ‘உடனே இணைக்கச் சொல்’ என்றேன். ‘பார்க்கிறேன்’ என்றார். பார்க்கவில்லை.

செண்பகவல்லியைக் காலையில், குளியலறைத் தரையில் பார்த்தார்கள். மாரடைப்பு என்றார்கள்; இருக்கலாம், நான் மருத்துவர் அல்ல. மணி அடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவர் அந்தப் பொத்தானை அழுத்தினாரா என்பதுகூட யாருக்கும் தெரியாது. கம்பி பிடுங்கிய பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அது யாரிடமும் சொல்லாது. ஒன்று எனக்கு நிச்சயம்: அது வேலை செய்யாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தம் வாழ்நாள் முழுக்க எது நடக்கக் கூடாதென்று ஏணியில் ஏறி நின்றாரோ, அது தமக்கே நடந்திருப்பதைத் தெரிந்துகொண்டே அந்தத் தரையில் கிடந்திருக்கிறார்.

இரங்கல் கூட்டத்தில் மகன், “அம்மா கடைசி வரைக்கும் சேஃபா இருந்தாங்க” என்றார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் தட்டினீர்கள். வெளியே வரும்போது என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வேறொரு குடியிருப்பு இருப்பதாகவும், அது இப்படியெல்லாம் இல்லை என்றும் மெதுவாக ஆரம்பித்தான். ஆட்டோ வந்துவிட்டது, அவன் முடிக்குமுன் நான் ஏறிக்கொண்டேன்.

செண்பகவல்லியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அன்பான நினைவு எதுவும் அல்ல. அவரிடம் அன்பாகப் பேசும் வழக்கம் இல்லை, என்னிடமும் இல்லை. வாய்ச்சொல்லை நம்பாமல், காதால் கேட்டால்தான் ஒப்புக்கொள்ளும் அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் இருந்த அறைக்கு இப்போது வேறொரு அம்மாள் வந்திருக்கிறார். ஆகவே ஞாயிறுதோறும் நான் அந்தக் குடியிருப்பைத் தொலைபேசியில் அழைக்கிறேன்.

“அந்த அறையில் பொத்தானை இணைத்துவிட்டீர்களா?”

“மேடம், நீங்க அவங்களுக்கு ரிலேட்டிவா?”

“இல்லை. இணைத்துவிட்டீர்களா?”

“எல்லாம் சரி பண்ணியாச்சு மேடம்.”

“சந்தோஷம். அழுத்துங்கள். நான் இப்படியே காத்திருக்கிறேன்.”

அத்துடன் இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். மறுபடி அழைக்கிறேன். இதை எழுதும் இன்றுவரை எனக்கு மணிச் சத்தம் கேட்கவில்லை.