மீன் தின்ற கீரை

மீன் தின்னும் வீட்டில் பெண் எடுத்தார் என்பதற்காக அப்பாவின் கல்யாணத்துக்கே வராதவர் அவருடைய அக்கா. அந்த அத்தை பல வருஷக் கோபம் ஆறி, மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி, தீவில் மின்னி பேயிலுள்ள எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வரப்போகிறார் என்றதும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கப்பலில் வரும் காய்கறி வதங்கித்தான் வரும். சுத்த சைவமான நாத்தனாருக்குப் புதிதாகப் பறித்துச் சமைத்துப் போட அம்மாவிடம் இருந்தது கொல்லையிலிருந்த கீரைப்பாத்தி ஒன்றுதான். அதுவும் காமாலை கண்டதுபோல் மஞ்சளாக நின்றது.

எங்கள் ஊர் மழை மண்ணிலிருக்கும் நைட்ரஜனை அலசிக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். இன்று வகுப்பில் இதைப் படம் போட்டு விளக்குகிறேன், அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த அம்மா, படகு ஜெட்டியிலிருந்து மீன் தலையும் குடலும் வாளியில் வாங்கிவந்து பாத்தியோரம் புதைத்தாள். கடல் கொண்டுபோனதைக் கடலிடமே திருப்பி வாங்கிய மாதிரிதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த மீனை அம்மோனியாவாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கி வேருக்கு ஊட்டின. அத்தை வந்து இறங்கியபோது கீரை கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது.

எனக்குக் கொடுத்த வேலை, நாய் வராமல் காவல்.

"குத்தா வந்தா விரட்டு. அத்தைகிட்ட வாயத் தொறந்த, தோலை உரிச்சிடுவேன். சுப்சாப் இரு," என்றாள் அம்மா.

முதல் கவளத்திலேயே அத்தை மயங்கிவிட்டார். "என்ன ருசி! எங்க ஊர்ல காசு குடுத்தாலும் கிடைக்காது. என்ன உரம் போடுற?"

"எல்லாம் மழைத்தண்ணிதான் அண்ணி," என்றாள் அம்மா. சிரிப்பை அடக்குவது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

மறுநாள் அத்தையே கீரை பறிக்கக் கொல்லைக்கு வந்தார். நான் கொய்யா மரத்தில் ஏறிப் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாய் புகுந்து பாத்தியைக் கிளறிவிட்டது. சூரைமீனின் தலையெலும்பு ஒன்று அத்தையின் காலடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அம்மாவின் மானம் கப்பலேறிவிட்டது என்றே நினைத்தேன். அத்தை நாயை விரட்டினார். குனிந்து பார்த்தார். காலால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு, பறித்த கீரையை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டில், "இன்னும் கொஞ்சம் கீரை போடும்மா," என்று அத்தை தட்டை நீட்டினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவின் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அத்தை தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. கேட்டதற்கு மேலேயே அள்ளிப் போட்டாள்.

இந்த வயதிலேயே அத்தைக்குப் பார்வை இவ்வளவு மங்கிவிட்டதே என்று எனக்குத்தான் பாவமாக இருந்தது.