கோணச்சந்தின் பதினேழு வாசல்கள்

வேலூரில் இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் சுந்தரம்மாள் கடைக்குப் போகவென்று ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை. லாங்கு பஜாருக்குப் பின்னால் கோணச்சந்தில் அவளுக்கு வீடு. செருப்பை மாட்டினால் மூன்றாவது நிமிஷம் காய்கறி மார்க்கெட். ரேஷன் கடை, மாவு மிஷின், மகன் பிரகாஷ் படித்த பள்ளிக்கூடம், புருஷன் வேடியப்பன் மூட்டை தூக்கிய புளி மண்டி எல்லாம் கூப்பிடு தூரம்தான். இன்னும் பத்து நிமிஷம் நடந்தால் கோட்டை அகழி.

இப்போது அவள் இருப்பது பிறந்த இடமான ஜவ்வாது மலையில். வேடியப்பன் போய்ச் சேர்ந்த மறு வருஷம் பிரகாஷ் அவளை மேலே கூட்டி வந்துவிட்டான். அவனுக்கு ஜமுனாமரத்தூரில் அரசாங்க உத்தியோகம். மருமகள் ரேணுகாதேவி டீச்சர். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, பாட்டன் காலத்துச் சாமைக் கொல்லையில் மாடி வைத்து வீடு கட்டியிருந்தார்கள். காலையில் மகன் வண்டி கிழக்கே போகும், மருமகள் வண்டி மேற்கே போகும். அப்புறம் சாயந்தரம் வரைக்கும் அவளுக்குத் துணை டைல்ஸ் போட்ட தரையும் டிவியும்தான். காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே நின்றால் பஸ் போகும், பஸ்ஸில் இருப்பவர்கள் அவளைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். பிரகாஷ் டாக்டரிடம் காட்டினான். சுகர் இல்லை, பிரஷர் இல்லை என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடை வாசலில் வண்டியை எடுக்கும்போது அவன் கேட்டான்:

"ஒனக்கு இன்னாம்மா பண்ணுது? வாயத் தொறந்து சொன்னாதான தெரியும்."

"ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் பின்னால ஒரு வூடு காலியா கீது, பிரகாசு. நான் அங்க இருந்துக்கறேனே."

அவன் வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நம்ம வூட்ட வச்சிக்கினு வாடகை வூடா? ஊரு இன்னா பேசும்? பெத்தவள வெளிய அனுப்பிட்டான்னு பேசும். ரேணுகாவத்தான் பேசும்."

"ரேணுகா மேல ஒரு கொறையும் இல்லப்பா. பொண்ணு தங்கம். எனக்கு நடக்கணும்."

"நடக்கணும்னா கொல்லையில நடயேன். மலையில பொறந்தவதான நீ."

"கொல்லையில யாரு இருக்கறா, பாத்து நடக்க?"

அவனுக்கு அது விளங்கவில்லை. விளங்க நியாயமும் இல்லை. கோணச்சந்தில் பிறந்து வளர்ந்தவன்தான், ஆனால் அந்தச் சந்து தான் யாரென்று காட்டிய வருஷம் அவன் சேலத்தில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தான். பரீட்சை கெட்டுவிடும் என்று அவனிடம் பாதியை மறைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போய், ரேணுகாதேவி காபி கலந்து வைத்த பிறகு, சுந்தரம்மாள் அந்தக் கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னாள்.

கோணச்சந்தில் பதினேழு வாசல்கள். நவாபு காலத்துச் சந்து என்பார்கள். இரண்டு பேர் குடத்தோடு எதிரெதிரே வந்தால் ஒருத்தர் திரும்பி நின்றுதான் வழி விடவேண்டும். தள்ளுவண்டி சுவரை உரசிக்கொண்டு போகும், ஆட்டோ நுழையாது. ஆட்டோ நுழையாததால் குழந்தைகள் நடுச்சந்தில் படுத்துப் பாடம் எழுதும். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பதினேழு வீட்டுக்கும் தெரியும். மண்டிக்குப் புளி ஏற்றி வந்த லாரியிலேயே வந்து இறங்கிய மலைக்கார ஜோடியை முதல் வருஷம் அந்தச் சந்து வேடிக்கைதான் பார்த்தது. இரண்டாம் வருஷம் பிரகாஷ் பிறந்தான். பக்கத்து வாசல் நசீமா பத்திய ரசம் வைத்துக் கொண்டு வந்தாள். அதற்கப்புறம் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினாலில், ஐப்பசியில் ஒரு காலை. குழாயடியிலிருந்து வேடியப்பன் குடத்தைத் தூக்கி வந்தார். குடம் நழுவி உருண்டது. ஆள் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. முதலில் பார்த்தவள் நசீமா. அவள் போட்ட சத்தத்தில் பதினேழு வாசலும் வெளியே வந்தது. ஆம்புலன்ஸ் பஜார் முனையில் நெரிசலில் நிற்கும், சந்துக்குள் வரவே வராது. கடைசி வாசல் ராஜாக்கண்ணு வாழைப்பழம் விற்கிறவர். அன்றைய பழத்தையெல்லாம் தன் வாசற்படியில் சரித்துவிட்டுத் தள்ளுவண்டியைக் கொண்டு வந்தார். யார் வீட்டு மெத்தை என்று இன்றுவரை தெரியாது, யாரோ விரித்தார்கள். நாலு பேர் தள்ள, நசீமாவின் தம்பி முன்னால் ஓடி வழி விலக்க, வண்டி பஜாரைக் கடந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. சுந்தரம்மாள் காலில் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

"சீக்கிரம் கொண்டாந்தீங்க, அதான் உசிரு பொழச்சிதுன்னாங்க," என்றாள் அவள். "பன்னெண்டு நிமிசம். நடந்து போற தூரத்துல ஆஸ்பத்திரி இருந்துது, தள்றதுக்கு ஆளும் இருந்துது."

பிரகாஷ் காபியைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வேடியப்பனின் வலது காலும் கையும் சொன்னதைக் கேட்கவில்லை. தினம் நடக்கவேண்டும், விடக்கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். வேடியப்பனுக்கு வெட்கம். நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாக ஏற்றியவர், கோலூன்றிக்கொண்டு நாலு பேர் முன்னால் எப்படி நடப்பார்? கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் நசீமா தன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்:

"அண்ணே, டீ போட்டு வச்சிக்கீறேன். அங்கெல்லாம் கொண்டாந்து குடுக்க முடியாது. இங்க வந்து குடிச்சிட்டுப் போங்க."

அவருடைய வாசலுக்கும் அவளுடைய வாசலுக்கும் ஏழு காலடி தூரம். அதைக் கடக்க கால் மணி நேரம் ஆனது. டீ ஆறிப்போனது, அவள் திரும்பச் சூடு பண்ணிக் கொடுத்தாள். மறுநாளும் அங்கேதான் டீ. அடுத்த வாரம் மூன்றாவது வாசல் செல்லம்மா ஒரு ஸ்டூலைப் போட்டாள். அவள் சந்தவாசல் ஊர்ப் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "நசீமா வூட்டு டீ மட்டும்தான் எறங்குமா? எங்க வூட்டுது எறங்காதா?" என்றாள். அப்புறம் ஒவ்வொரு வாசலிலும் ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்தது. முக்காலி, கவிழ்த்த வாளி, பழைய தையல் மிஷின் ஸ்டூல். பார்த்து நடங்க என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பாவம் என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு எந்த வாசல் வரைக்கும் என்பதுதான் பேச்சு.

மாசி மாதம் அவர் பதினேழாவது வாசலை எட்டினார். ராஜாக்கண்ணு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு, யாரும் பிடிக்காமல், கோலோடு திரும்பி வந்தார். சுந்தரம்மாள் அடுப்படியில் போய் நின்றுகொண்டாள், அழுவதை யாரும் பார்க்கவேண்டாம் என்று. மறு வருஷம் இருவரும் சாயந்தரங்களில் கோட்டை அகழி வரை போய் உட்கார்ந்து வந்தார்கள். இன்னும் ஆறு வருஷம் அப்படி ஓடியது.

"அப்பா என்கிட்ட போன்ல, சும்மா லேசா இழுத்துது, சரியாய்ட்சின்னு சொன்னாரு," என்றான் பிரகாஷ்.

"அவரு அப்டித்தான் சொல்வாரு."

ரேணுகாதேவிதான் அடுத்துப் பேசினாள். "அத்த அங்கயே இருக்கட்டுங்க. ஊரு பேசினா நான் பதில் சொல்லிக்கறேன்."

ஆடியில் சந்தைக்குப் பின்தெருவில், ஒரு அறையும் சமையல் மூலையுமாக ஒரு போர்ஷனுக்குச் சுந்தரம்மாள் குடி போனாள். கோணச்சந்து அங்கே இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. அந்தத் தெருவில் பாதிக் கதவுகள் ஷட்டர். சந்தை நாளில் ஜனம் தள்ளும். மற்ற நாளில் நாய் படுத்திருக்கும். பனி இறங்கினால் ஏழு மணிக்கே எல்லாம் அடங்கிவிடும். இருந்தாலும் அவள் தினம் நடந்தாள். பால் வாங்க ஒரு நடை, கீரைக்கு ஒரு நடை, ஒன்றுமில்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் திருப்பத்தூர் வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு நடை. மலைக்காரி என்று வேலூரில் பேரெடுத்தவளுக்கு இங்கே வேலூரம்மா என்று பேர் வந்தது.

தை மாதம் பிரகாஷ் அவளைக் கோணச்சந்துக்கு ஒரு தடவை கூட்டிப் போனான். நசீமா மகளோடு ஆம்பூர் போய்விட்டிருந்தாள். ராஜாக்கண்ணு இல்லை. ஐந்து வாசல்களைச் சேர்த்து இடித்து லாட்ஜ் கட்டியிருந்தார்கள். செல்லம்மா மட்டும் இருந்தாள், கண் மங்கி. கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, இப்டி எளச்சிட்ட," என்றாள். இரண்டு பேரும் மத்தியானம் வரை பேசினார்கள். பிரகாஷ் சந்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தனியாக நடந்து போய் வந்தான்.

திரும்பிய பிறகு கொஞ்ச நாள் அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. கண்ணை மூடினால் அந்த நாற்காலியும் முக்காலியும்தான். அதற்கப்புறம் வந்த ஐப்பசியில் மலையில் மூன்று நாள் விடாத மழை. சளி பிடித்து அவள் வெளியே போகாமல் படுத்திருந்தாள். இரண்டாம் நாள் காலையில் கதவு தட்டும் சத்தம். எதிர் டீக்கடை தேவயானி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவர்கள் இருவரும் பால் பாக்கெட்டைத் தவிர எதுவும் பேசிக்கொண்டதில்லை.

"நேத்தும் வர்ல, இன்னிக்கும் வர்ல. இன்னான்னு பாக்க வந்தேன்," என்றாள்.

"லேசா ஜொரம். உள்ள வாம்மா, நனையாத."

தேவயானி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.