சித்தப்பாவுக்கு எய்த அம்பு

என் கணவருக்குத் துருக்கியில் சொந்தமும் இல்லை, சோலியும் இல்லை. ஆனாலும் கொஞ்சக் காலம் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் சோற்றுக்கோப்பை வைக்க இடமிருக்கவில்லை. எழுநூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு துருக்மேன் தலைவனைப் பற்றிய புத்தகங்கள்தான் அங்கே கிடந்தன. எல்லாம் நூலகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவை.

"ஊர்க் கவலை காணாதெண்டு துருக்கிக் கவலையும் வேணுமே உங்களுக்கு?" என்று கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கோ வாய் இருக்கிறதா என்றே சிலவேளை சந்தேகம் வரும். "சும்மா வாசிக்கிறனப்பா" என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

சிட்னியில், ஓபர்னில் அவர் வேலை செய்யும் பண்டகசாலையில் ஒரு துருக்கிக்காரர் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். அந்த மனிதருக்குத் தன் நாட்டு முன்னோரைப் பற்றிச் சொல்லாவிட்டால் சாப்பாடு செமிக்காது. அவர்தான் அந்தத் தலைவனின் கதையைச் சொன்னவர். ஒரு பக்கம் கிழக்கு ரோமச் சக்கரவர்த்தியின் நிலம், மறுபக்கம் சுல்தானின் நிலம். நடுவில் எல்லையோரம் ஆடு மேய்த்துக்கொண்டு சில கூடாரங்கள். அந்தக் கூடாரத்துக்காரர்களின் தலைவன் தொடக்கிய பரம்பரைதான் பிறகு அறுநூறு வருடம் பாதி உலகத்தை ஆண்டதாம்.

அந்தத் தலைவன் இளந்தாரியாக இருந்தபோது பக்கத்துக் கோட்டைக்காரனைப் பிடிக்க நினைத்தான். எல்லோரையும் கூட்டி யோசனை கேட்டான். அவனுடைய கிழட்டுச் சித்தப்பா எழும்பி, நாலு பக்கமும் பகை இருக்கிறது, இவனையும் பகைத்தால் எங்களுக்குக் கூடாரம் அடிக்கவும் இடமிராது என்று சொன்னார். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. வில்லை எடுத்து அந்த இடத்திலேயே சித்தப்பாவை எய்து கொன்றுவிட்டான். துருக்கிக்காரர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். என் கணவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தச் சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? அந்தத் துருக்கிக்காரருக்குத் தெரியவில்லை. அது யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார்.

அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ஏனென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

என் மாமனார் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். இயக்கப் பெடியள் கூட்டிய ஊர்க் கூட்டம் ஒன்றில் எழும்பி, "ஆமிக் காம்புக்கு அடிச்சுப்போட்டு நீங்கள் ஓடிப்போவியள். ஷெல் விழுறது எங்கட தலையில" என்று சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அந்தக் கிழமையே சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் பனங்காணி ஓரமாக உடல் கிடந்தது. கழுத்தில் ஒரு காட்போட் மட்டை, அதில் துரோகி என்று எழுதியிருந்தது. சுட்டது ஆமி இல்லை. எங்கட பெடியள்தான். செத்தவீட்டுக்கு ஊரில் ஒரு குஞ்சும் வரவில்லை. பாடை காவ ஆளில்லாமல் மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டு போய் எரித்தார்கள். இவர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்.

இதையெல்லாம் கலியாணம் பேசி வந்த காலத்தில் என்னிடம் சொன்னார். சொல்லாமல் கட்டக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வாய் திறந்ததில்லை. சிட்னியில் இது வேறு ஒருவருக்கும் தெரியாது. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் அங்கிளும் அன்ரியும்தான், ஆனால் இப்படிச் செத்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. சேர்க்கவும் மாட்டார்கள்.

டூங்கபியில் மாதம் ஒருமுறை எங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர்தான் அதற்குத் தலைவர். நல்ல மனிதர். பொய் சொல்லக்கூடாது, நாங்கள் வந்த புதிதில் வாடகைக்கு வீடு பிடித்துத் தந்தவர் அவர். என் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுப்பத்திரிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். "தம்பி, நிறைய வாசிக்கிறீராம், ஒருநாள் வந்து பேசுமன்" என்று இவரைக் கேட்டார். இவர் "ஓம் அங்கிள்" என்றாரே, எனக்கு அதிசயமாகப் போய்விட்டது.

கிழமைக் கணக்காக இருந்து எழுதினார். எழுதி முடித்ததும் குசினியில் என்னை இருத்தி வாசித்துக் காட்டினார். அம்பு பாய்ந்த இடத்துக்குப் பிறகு சித்தப்பாவைப் பற்றித்தான் கூட எழுதியிருந்தார். அந்தக் கிழவர் சொன்னதில் என்ன பிழை? நூறு வருடத்துக்குப் பிறகு வரலாறு எழுதியவர்களில் சிலர் அவரைப் பற்றி எழுதாமலே விட்டது ஏன்? அவருக்காக அழுதவர்கள் யார்? கடைசித் தாளில் மூன்றே மூன்று வரி. "எனக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். அவர் எங்கள் ஊர்ச் சங்கக்கடை மனேச்சர். அவர் என் அப்பா."

நான் அந்தத் தாளை வாங்கித் திரும்ப வாசித்தேன். "உதையும் வாசிக்கப் போறீங்களோ?"

"வாசிக்கத்தான் எழுதினனான்."

முதலில் பயம்தான் வந்தது. சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுப்பான் என்று நினைத்தேன். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "வாசியுங்கோ. வாறது வரட்டும்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வழமைபோல விளக்கேற்றி அகவணக்கம் செலுத்தினோம். போரில் இறந்தவர்களை நினைத்து எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். இவரும் நின்றார். பிறகு மேடைக்குப் போய்ப் பேசினார். நன்றாகவே பேசினார். அந்தக் கூடாரங்களையும் ஆட்டு மந்தைகளையும் எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் இருந்ததுபோலச் சொன்னார். சனம் அசையாமல் கேட்டது. சித்தப்பா எழும்பினார், சொன்னார், தமையன் மகன் அம்பை எய்தான். அந்த இடத்தில் இவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

முன்வரிசையிலிருந்து தலைவரின் குரல் கேட்டது. "அப்பிடித்தான் செய்யவேணும். கூட இருந்து குழி பறிக்கிறவனை வைச்சுக்கொண்டு ஒரு நாடு கட்டேலாது."

ஒருவர் கைதட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த அன்ரி காப்புகள் கிலுங்கத் தட்டிவிட்டு, "உங்கட மனுசன் வலு திறமாச் சொல்லுறார் பிள்ளை" என்று என் தொடையில் தட்டினா. எழும்பி நாலு கேள்வி கேட்கவேண்டும்போல இருந்தது. இவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தார். நான் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கைதட்டு ஓயும்வரை நின்றார். சித்தப்பாவைப் பற்றி எழுதிய தாள்களை மடித்துச் சட்டைப் பொக்கற்றில் வைத்தார். அந்தத் தலைவனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்தெந்த நாட்டைப் பிடித்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். மறுபடியும் கைதட்டினார்கள்.

தேத்தண்ணி குடிக்கும்போது தலைவர் றோல்ஸ் தட்டோடு எங்களிடம் வந்தார். "அருமை தம்பி. உம்மட தகப்பன் இருந்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார். அவர் என்னெண்டு காலமானவர்?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஆமி சுட்டது அங்கிள்."

தலைவர் தட்டைக் கீழே வைத்தார். இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயோ, எத்தினை நல்ல சனத்தை அழிச்சுப்போட்டாங்கள்" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். அந்த வயதுபோன மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நடிப்பில்லை, உண்மையாகத்தான் அழுதார். இரண்டு மூன்று அன்ரிமார் ஓடி வந்தார்கள். ஒருவர் இவருடைய முதுகைத் தடவிவிட்டா. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் வெடித்துவிட்டேன். "உங்களுக்கு வெக்கமாயில்லையோ? மாமாவை இன்னொருக்காச் சாக்கொண்டுபோட்டு வாறீங்கள். உந்தப் பொய்யைச் சொல்லவோ இவ்வளவு நாளும் இருந்து எழுதினீங்கள்?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாம் எனக்கு இப்போது நினைவில்லை.

அவர் காரை ஓடிக்கொண்டே இருந்தார். எங்கள் தெருவுக்குத் திரும்பி, வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, இறங்காமல் இருந்தார்.

"இல்லையப்பா" என்றார். "இண்டைக்குத்தான் அப்பாவுக்காக வெளியாள் ஒருத்தர் அழுதவர்."