சுடாத பாட்டில்கள்

ஓர் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுவது என் வேலை. கழுவியதை நீராவி யந்திரத்தில் வைத்து எடுத்தால் கிருமி செத்துவிடும். ஒரு மாணவியின் பாட்டில்களை மட்டும் அதற்குப் பிறகு உலர் அடுப்பில் பல மணி நேரம் சுட வேண்டும். சுட்டதற்கு அடையாளமாக மூடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் மாலைப் பூஜைக்குப் போகும் அவசரம். செத்த கிருமியை மறுபடி எதற்குச் சுட வேண்டும் என்று தோன்றியது. சுடாமலேயே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். சாமி கும்பிட்டபோது மனசில் ஒரு உறுத்தலும் இல்லை.

அடுத்த வாரம் அந்த மாணவி, டீ காபி கலக்கும் பேன்ட்ரியில் மைலோவைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். ரத்தத்திலிருந்து அவள் வளர்க்கும் டென்ட்ரிடிக் செல்கள் உடம்பின் காவல்காரர்களாம், அவற்றின் மேல் கிருமியை அடையாளம் காணும் ரிசெப்டர்கள் இருக்கின்றனவாம். கிருமியின் துணுக்கு அவற்றில் பட்டால் செல் விழித்துக்கொண்டு மற்ற செல்களைச் சண்டைக்குக் கூப்பிடுமாம். இம்முறை எதுவும் சேர்க்காமல் வைத்த செல்கள்கூட விழித்துவிட்டதால் சோதனையே கெட்டுவிட்டதாம்.

"கிருமி செத்தாலும் அதோட தோல் துண்டு அப்படியே இருக்கும் ஆன்டி. ஆவி அதை ஒண்ணும் பண்ணாது, அடுப்புல சுட்டாத்தான் அழியும். துளி போதும், ரிசெப்டர் கண்டுபிடிச்சிடும். பாட்டிலெல்லாம் சுட்டதுதான், என் கைதான் சரியில்ல லா."

எனக்குப் புரிந்துவிட்டது. மீதிப் பாட்டில்கள் அவள் அலமாரியில் பச்சை ஸ்டிக்கரோடு இருந்தன. அங்கேயே சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாமல் எடுத்துச் சுட்டுவிடலாம் என்று போனேன். அவள் அங்கே நின்றிருந்தாள். தரையைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

அதே பாட்டில்களால் இரண்டாவது முறையும் அவள் சோதனை கெட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த ஆராய்ச்சியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவளுடைய பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார். தன் தப்புதான் என்று அவள் தலைகுனிந்தாள். டிராலியைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன்.

மறுநாள் காலை, அவள் பாட்டிலைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். அவள் ஸ்டிக்கரையே பார்த்தாள்.

"ரெண்டாவது தடவை நான் செய்யறப்பவே உங்களுக்குத் தெரியுமா ஆன்டி?"

"தெரியும்."

பேராசிரியரிடம் பாட்டில்கள் சுடப்படவில்லை என்று மட்டும் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. மூன்றாவது முறை செல்கள் விழிக்கவில்லை.

இப்போதும் காலையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பாட்டில்களை அவளே சுட்டுக்கொள்கிறாள். பச்சை ஸ்டிக்கர் சுருள் அவள் மேசையில் இருக்கிறது. திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை.