கப்ப காரின் முகம்

என் மாமாவிடம் இருந்த பெரிய காரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அதன் முகத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் மந்திரி வந்து இறங்கும் கார் போல இருக்கும். நீளமும் அகலமும் உள்ளே இருந்த தோல் இருக்கைகளும் மரியாதையைக் கேட்டு வாங்கும். முன்னால் வந்து நின்றால் விளக்குகள் இரண்டும் பிதுங்கிய முட்டைக் கண்கள். அவற்றுக்குக் கீழே இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை ஒரு வாய். எங்கள் ஊர் பாகாலாவில் ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள்: கப்ப காரு. தெலுங்கில் கப்ப என்றால் தவளை. தமிழ் பேசும் எங்கள் வீடுகளிலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

எதையும் தேதி போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் காருக்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளே வரத் தொடங்கிய காலத்தில் வந்த கார் அது. இரண்டு மூன்று வகைக் கார்களை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கார் பத்திரிகைகளில் அதன் முகத்துக்காகவே வாசகர்கள் சண்டை போட்டார்கள். ஒரு கட்சி துணிச்சல் என்றது, இன்னொரு கட்சி கோரம் என்றது. இரண்டு கட்சிக் கடிதங்களையும் வெட்டி ஒட்டினேன். முதல் சொந்தக்காரர் குப்பத்தில் கருங்கல் ஏற்றுமதி செய்தவர். வெளிநாட்டு வியாபாரிகளைப் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வாங்கினார். இரண்டாமவர் சித்தூரில் ஒரு காண்ட்ராக்டர். பிள்ளைகள் தவளை போலக் கத்திக்கொண்டு பின்னால் ஓடியதால் அவர் அதை ஷெட்டில் வைத்துப் பூட்டிவிட்டதாகக் கேள்வி. மூன்றாமவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இருபது வருஷம் கல் லாரி ஓட்டியவர்.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். உள்ள குந்திப் பாரு, அப்பறம் பேசு" என்பார்.

உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை.

என் தங்கையின் கல்யாணம் வைகாசியில், ஒரு வெள்ளிக்கிழமை, நாராயணவனம் கோயிலில். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம். அடுத்த விடுப்புக்கு இரண்டு வருஷம் ஆகும். எங்கள் முகூர்த்தம் ஒன்பதரையோடு முடிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் புத்தூர்ப் பக்கம் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். எங்கள் தாத்தா கூலிக்கு நாற்று நட்டவர். மாப்பிள்ளையின் பெரியப்பா மாப்பிள்ளைக்கு வேறொரு பெண்ணைப் பார்த்துவைத்திருந்தார் என்பதும் எங்கள் காதுக்கு வந்திருந்தது. முகூர்த்தம் தவறினால், கல்யாணத்தை நிறுத்த அவருக்கு அது போதும்.

பெண்ணை மாமாவின் காரில் அழைத்துப்போவது என்று முடிவானதிலிருந்து, அந்த முகத்தைப் பார்த்துப் பெரியப்பா என்ன சொல்வாரோ என்பதே எனக்குக் கவலை. கல்யாணத்தன்று காலையில் காரை அலங்கரிக்க வந்த பூக்காரரைத் தனியே அழைத்தேன்.

"முன்னாடி முழுசா மூடிடுங்க. கண்ணு, வாயி எதுவும் தெரியக் கூடாது."

"எவுருக்கும் தெரியாது சார். காருக்கே தெரியாது, தான் எந்தக் காருன்னு."

கெட்டிக்காரர்தான். பூ வாடக் கூடாது என்று முதலில் வாழை இலைகளை இரண்டு அடுக்காகக் கட்டினார். அதன் மேல் தென்னங்கீற்றுப் பின்னல், அதற்கும் மேல் பாய் விரித்தது போலச் சாமந்தி. மாமா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

"இன்னாடா, மாப்பிள்ளைக்கு முன்னாடி காருக்கு மாலை போட்டுட்டீங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். நைனாவும் உறவுக்காரர்களும் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். காரை மாமா ஓட்டினார். நான் அவர் பக்கத்தில். பின்னால் அம்மாவும் தங்கையும். திருப்பதி தாண்டும்வரை ஏசி குளுகுளுவென்று இருந்தது. ரேணிகுண்டாவில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தபோதுதான் சூட்டைக் காட்டும் முள்ளைக் கவனித்தேன்.

"மாமா, முள்ளு ஏறுது."

"பாத்துக்கினுதான் கீறேன்." ஏசியை நிறுத்தினார்.

வடமாலப்பேட்டை தாண்டியதும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மாமா ஹீட்டரைத் திருகினார். இஞ்சினின் சூட்டைக் காருக்குள் இழுத்துக்கொள்வது லாரிக்காரர்களின் கடைசி உபாயம். வைகாசி வெயிலில் அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அடித்தது.

"டேய், பொண்ண இட்லிப் பானையில வெச்ச மாதிரி கீதுடா!" என்று அம்மா கத்தினாள்.

"இட்லி வெந்தா பரவால்லக்கா. இஞ்சின் வேவக் கூடாது. கம்முனு குந்து."

கண்ணாடியில் தங்கையைப் பார்த்தேன். கண் மை கன்னத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. எட்டு முப்பத்தைந்துக்குப் பூக்களின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. மாமா ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார்.

இறங்கிப் போய்ச் சாமந்தியை விலக்கினேன். வாழை இலை கீரை போல வெந்து ஒட்டியிருந்தது. ஒரு விரல் நுழைய இடமில்லை. இஞ்சினுக்குப் போகவேண்டிய காற்று முழுவதையும் நான் அடைத்துவைத்திருந்தேன்.

"எல்லாத்தையும் பிச்சிடலாம்" என்றேன்.

அம்மா ஓடி வந்து காருக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டாள். எங்கள் வீடுகளில் பெண் வரும் வண்டியின் பூவைத் தாலி ஏறிய பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் அவிழ்ப்பார்கள். அதற்கு முன்னால் பிறந்த வீட்டார் கை வைத்தால் பெண் திரும்பி வந்துவிடுவாள் என்று பயம்.

"தாலி ஏறாம பூவுல கைய வெச்சீங்கன்னா பாத்துக்க! வேற வண்டி பாருடா!"

வேறு வண்டி எங்கே? ஒரு பஸ் படியில் ஆள் தொங்க, நிற்காமல் போனது. ஒரு டிராக்டர் எதிர்த்திசையில் போனது. மணி எட்டு நாற்பத்தொன்று. நான் வாட்சைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதுமாக நின்றேன்.

பின்கதவு திறந்தது. முகூர்த்தச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தங்கை இறங்கி வந்தாள்.

"நவுரும்மா."

"நீ எறங்கக் கூடாதுடி!"

"எறங்கிட்டேன். ஊட்டுல குந்திக்கினு ரெண்டு வருசம் இந்தப் பூவ மோந்து பாக்கவா? நவுரு."

மருதாணிக் கையால் கீற்றுப் பின்னலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நானும் பிடித்து இழுத்தேன். பூவும் இலையும் ஒரே பாயாகக் கழன்று ரோட்டில் விழுந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்றாள்.

பக்கத்து மாந்தோப்பில் குடம் வாங்கி, அங்கிருந்த மோட்டாரிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தேன். மாமா துண்டை மடித்துப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு அவர் வலது கையில் அடித்தது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக் கையைக் குடத்துக்குள் விட்டார்.

"அரை மணி ஆறணும். இல்லன்னா இஞ்சின் ஹெட்டு போயிடும்" என்றார்.

"மணி எட்டு ஐம்பது, மாமா."

இஞ்சினைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "போனா போவட்டும், ஏறுங்க."

புத்தூர் வந்ததும் இஞ்சின் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் போட்டது. மாமா ஒரு கையால் ஓட்டினார். நாராயணவனம் கோயில் தெருவில் நுழைந்தபோது ஒன்பது பதினைந்து. நாதஸ்வரக்காரர்களைத் தாண்டியதும் கார் ஒரு முறை குலுங்கி நின்றது. பிறகு அது ஸ்டார்ட் ஆகவே இல்லை. நேர் எதிரே பெரியப்பா நின்றிருந்தார். அவர் முன்னால் காரின் பிதுங்கிய கண்களும், நார் தொங்கும் வாயும், வாயிலிருந்து புகையும்.

"ஏந்திரா இது? வண்டியா, ஜந்துவா?" என்றார்.

தங்கை அவரைத் தாண்டி நடந்தாள். ஒன்பது இருபத்தேழுக்குத் தாலி ஏறியது.

மத்தியானம் மாமா தனியாகக் காரின் நிழலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஈரத்துணி. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பூவை அடர்த்தியாகக் கட்டச் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும்டா. அவன் எலை கட்டறப்பவே பாத்தேன். இருவது வருசம் லாரி ஓட்டனவனுக்குக் காத்து போவலன்னா இன்னா ஆவும்னு தெரியாதா?"

"அப்பறம் ஏன் மாமா சொல்லல?"

கையிலிருந்த ஈரத்துணியைத் திருப்பிப் போட்டார். "கோயில் வரைக்கும் தாங்கிடும்னு நெனச்சேன். இந்த மூஞ்சியோட அந்தாளு முன்னாடி போயி நிக்க எனக்கும் வெக்கமாத்தான்டா இருந்திச்சு" என்றார். பிறகு, "போயி சோறு எடுத்தா. இந்தக் கையால துன்ன முடியாது. ஸ்பூனு கீதா பாரு."

நான் எழுந்து பந்தி நடந்த இடத்துக்குப் போனேன்.