வணக்கத்தோடு நின்றுபோன ரூட்டர்கள்

இரண்டு ரூட்டர்கள் அறிமுகமாவதை வேடிக்கை பார்ப்பதில் எனக்கு அப்போது ஒரு கிறுக்கே இருந்தது. சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தையும் அதன் சாத்தூர் குடோனையும் லைன் போட்டு இணைத்தவன் நான். தகவல் எந்த வழியில் போகவேண்டும் என்று முடிவு செய்யும் பெட்டிதான் ரூட்டர். அதற்கு முழு வழிப்படமும் கையில் வேண்டும்.

முதலில் இரண்டும் வணக்கம் சொல்லும். யார் பேச்சைத் தொடங்குவது என்று முடிவாகும். பிறகு தன்னிடமுள்ள செய்திகளின் தலைப்புகளை மட்டும் சொல்லும். இருக்கன்குடிக் கோயிலில் சந்திக்கும் சொந்தக்காரர்கள் மாதிரிதான். தெரிந்த கல்யாணத்தை விட்டுவிட்டு, தெரியாததை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். கடைசியில் இரண்டிடமும் ஒரே படம். மனிதர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகப் பேசி நான் பார்த்ததில்லை.

தீபாவளி சீசனில் ஒருநாள் சாத்தூரில் கரண்ட் போய் வந்தது. அதன்பின் இரண்டும் வணக்கத்தோடு நின்றுவிட்டன. குடோனுக்கு ஒரு ஆர்டரும் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பட்டாசுக்கு மருந்து அடைக்கும் அறையிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர் அந்தப் பெண்.

"இன்னைக்குள்ள ஓடலைன்னா மறுபடியும் மருந்து ரூமுக்கே போயிரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தக் கோளாறு அதைவிட என்னை இழுத்தது.

ரூட்டர்கள் பேசுவதெல்லாம் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். வணக்கம் சின்னப் பொட்டலம், தடையில்லாமல் போனது. தலைப்புகள் வரும் பொட்டலத்தில் 'என் பொட்டலம் இவ்வளவு பெரிதாக இருக்கும்' என்று ஓர் அளவும் சேர்ந்து வரும். சிவகாசி சொன்ன அளவு சாத்தூர் ஏற்கும் அளவைவிடப் பெரிது. அதனால் சாத்தூர் அதைத் திரும்பத் திரும்ப ஒதுக்கியது. சாத்தூரில் யாரோ அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே பேசிப் பழகியிருந்ததால் அதுவரை இது தெரியவில்லை. கரண்ட் போய், புதிதாக அறிமுகமாகும்போது மாட்டிக்கொண்டது.

நான் போனில் சொல்லச் சொல்ல டைப் செய்து பழகியவர் அந்தப் பெண். "நீங்க எதையும் மாத்துனீகளா?" என்றேன்.

"போன வாரம் லைன் விட்டு விட்டு வந்துச்சு சார். சின்னச் சின்னதா அனுப்புனா ஆபத்து இல்லேன்னு கொறைச்சேன்."

பழைய அளவை வைத்தேன். தலைப்புகள் மளமளவென்று போய் வந்தன. படம் நிறைந்தது.

"என்ன கோளாறு?" என்று முதலாளி வந்து நின்றார். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண், "நான்தான் மொதலாளி, அளவக் கொறைச்சேன்" என்றார்.

"ஒனக்கு யாரு அப்படிச் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். மருந்து ரூமுல சேந்த அன்னைக்கு, எதையும் கொஞ்சங் கொஞ்சமா அள்ளு, உசுரு முக்கியம்னு சொன்னீகல்லா."

முதலாளி அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு. ஆர்டர் வருது, பாரு."