பாட்டுக்குள் ஒரு நீலச் சாரம்

சைக்கிளை விட்டு இறங்காமலே இரண்டு பேர் காலூன்றி நின்று, "உந்தப் பாட்டிலை வாற சாரம் ஆர் கட்டினது?" என்று கேட்ட அந்தப் பின்னேரம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. கேட்டது என் அக்காவின் கணவரிடம். குருநகரில் கோயில் வளவுக்குள் தவக்கால நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மாதா வேடம் எனக்கு. "அது கற்பனை," என்றார் அத்தான். "அப்ப எடுத்துவிடுங்கோ. பிறகு நாங்கள் வரத் தேவையில்லை," என்று ஒருவன் மரியாதையாகவே சொன்னான். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

அத்தான் முன்பு பத்திரிகை நிருபர். எழுதிய செய்திகளுக்காக வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது, அக்கா அழுது அடம்பிடித்து அந்த வேலையை விடவைத்தாள். நாடகமும் பாட்டும் என்றால் ஆபத்தில்லை என்று நம்பினோம். எவ்வளவு வெகுளிகள் நாங்கள்! நிருபரின் பழக்கம் அவரை விடவில்லை. மகனைத் தேடும் மாதாவின் புலம்பலை எழுதக்கூட, எங்கள் தெருவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய் விசாரித்துவிட்டு வந்தார். மீன்வாடிக்கு வேலைக்குப் போன அந்தப் பையனை வழியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் யாரென்று ஒருவரும் வாய் திறக்காத காலம் அது. அன்று அவன் உடுத்திருந்த நீலக் கட்டச் சாரம் அப்படியே பாட்டுக்குள் வந்துவிட்டது. "ஏசுநாதர் எப்ப அத்தான் சாரம் கட்டினவர்?" என்று கேலி செய்தேன். "தாய் சொன்னதைத்தான் எழுதினனான். மாத்தேலாது," என்றார்.

அந்த இருவரும் போன பிறகு மாற்றினார். அந்த ஓரடியை மட்டும் விட்டுப் பாடச் சொன்னபோது குரல் அவருடையது போலவே இல்லை. அக்காவுக்கு அப்போது நிறைமாதம்.

நாடகத்தின் முதல்நாள் அந்த அடியைத் தாண்டிப் பாடினேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தோம். நாடகம் முடிந்ததும் அந்தத் தாய் சனத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடிவந்தாள். ஒத்திகை பார்க்க வந்து வந்தே பாட்டை மனப்பாடமாக்கியிருந்தவள். ஏசப்போகிறாள் என்று அத்தானுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் அவள் சிரித்துக்கொண்டு வந்து அத்தானின் கையைப் பிடித்தாள்.

"தம்பி, சாரத்தைப் பாடேல்லை. என்ரை பிள்ளை கிடைச்சிட்டானோ? உங்களுக்குச் சேதி வந்திட்டுதோ?"

சைக்கிளில் வந்தவர்களிடம் பொய் சொன்ன அத்தானுக்கு இவளிடம் பொய் வரவில்லை. "இல்லையம்மா," என்றார்.

அவள் கையை விட்டாள். "அப்ப நாளைக்குப் பாடுங்கோ."

மறுநாள் அந்த இடம் வந்ததும் பாடச் சொல்லிக் கண்ணைக் காட்டியது அத்தான்தான். பாடினேன். முன்வரிசையில் அவளும் வாயசைத்தாள். என் பார்வை மட்டும் கோயில் வாசல் கேற்றை விட்டு அகலவில்லை. அன்று யாரும் வரவில்லை. அத்தான் இப்போது தூர தேசமொன்றில் பாட்டெழுதிக்கொண்டு பத்திரமாக இருக்கிறார். நான்தான் இன்றும் எங்கே பாட எழுந்தாலும் முதலில் வாசலைப் பார்க்கிறேன்.